லாஸ் வேகஸ் மாநாட்டுக்குப் போகிறவர் சிறு தொகையில் பிளாக்ஜாக் ஆடுவது எப்படி

தகவல் தொழில்நுட்பத் துறையில் வேலை செய்யும் நம்மவர்களில் பலருக்கு, அலுவலகச் செலவில் லாஸ் வேகஸ் போகும் வாய்ப்பு ஏதாவதொரு ஆண்டில் அமைந்துவிடுகிறது. ஜனவரியில் சிஇஎஸ் கண்காட்சி நடக்கிறது. நவம்பர் கடைசியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ அமேசானின் ரீ:இன்வென்ட் மாநாடு நடக்கிறது. அங்குள்ள பெரிய விடுதிகள் பெரும்பாலானவற்றில், வரவேற்பு மேசையிலிருந்து மின்தூக்கிக்குப் போவதற்கே சூதாட்டத் தளத்தைக் கடந்தாக வேண்டும். நாள் முழுவதும் அரங்குகளில் உட்கார்ந்து களைத்து, இரவு உணவை முடித்துக்கொண்டு அறைக்குத் திரும்பும் வழியில், பச்சை விரிப்பு போட்ட மேசையருகே ஐந்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு, உட்காரலாமா வேண்டாமா என்று தயங்குகிறவருக்காகவே இதை எழுதுகிறேன். வேலை நிமித்தமாக ஐந்து முறை அந்த ஊருக்குப் போய், ஒவ்வொரு முறையும் ஓரிரு மாலைகள் மட்டும் ஆடியவன் என்ற முறையில் நான் முதலில் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: ஒரு மேசை மலிவானதா என்பதை அதன் மேல் வைத்திருக்கும் குறைந்தபட்சப் பந்தயப் பலகை சொல்வதில்லை, விரிப்பில் அச்சிட்டிருக்கும் ஒரு வரிதான் சொல்கிறது.

அந்த வரிக்கு வருவதற்கு முன் ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு இரண்டு சீட்டுகள் வரும். விடுதியின் சார்பில் சீட்டுப் போட்டு ஆடும் ஊழியரான டீலருக்கும் இரண்டு சீட்டுகள் வரும், அவற்றில் ஒன்று உங்கள் கண்ணுக்குத் தெரியும்படி திறந்திருக்கும். ராஜா, ராணி, ஜாக்கி ஆகியவற்றுக்கு 10 மதிப்பு. ஏஸுக்கு 1 அல்லது 11, எது நமக்கு வசதியோ அது. மற்றவற்றுக்கு அவற்றில் உள்ள எண்ணே மதிப்பு. 21-ஐத் தாண்டாமல் டீலரைவிட அதிகமாக இருந்தால் நீங்கள் வென்றீர்கள். தாண்டிவிட்டால் டீலர் என்ன எடுக்கிறார் என்று பார்க்காமலே உங்கள் பணம் போய்விடும். விடுதிக்குக் கிடைக்கும் ஆதாயம் முழுவதும் இந்தக் கடைசி விதியிலிருந்தே பிறக்கிறது: நீங்களும் தாண்டி, டீலரும் தாண்டினாலும், முதலில் தாண்டியவர் நீங்கள் என்பதால் பணம் உங்களுடையது அல்ல. நம் ஊர் மங்காத்தாவில் உள்ளே, வெளியே என்று சொல்லிவிட்டு, சீட்டு விழுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர நமக்கு வேலையில்லை. பிளாக்ஜாக்கில் ஒவ்வொரு ஆட்டத்திலும் முடிவெடுக்க வேண்டியவர் நீங்கள். டீலருக்கோ எந்த உரிமையும் இல்லை, அவர் 16 வரை கட்டாயமாக எடுக்க வேண்டும், 17-இல் நிறுத்த வேண்டும் (இதற்குள்ள ஒரு விலக்கைப் பின்னால் சொல்கிறேன்). அதனால்தான் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு ஆடுவதில் பொருள் இருக்கிறது.

முதல் இரண்டு சீட்டுகளே ஒரு ஏஸும் ஒரு பத்து மதிப்புச் சீட்டுமாக அமைந்தால் அதுதான் பிளாக்ஜாக். ஏறத்தாழ 21 ஆட்டத்துக்கு ஒரு முறை இது வரும். பழைய முறைப்படி இதற்கு 3:2 கணக்கில் பணம் தருவார்கள்: 10 டாலர் வைத்திருந்தால் 15 டாலர் கிடைக்கும். ஆனால் இப்போது ஸ்ட்ரிப் எனப்படும் பெருஞ்சாலை விடுதிகளில் குறைந்த பந்தய மேசைகள் பெரும்பாலும் 6:5 கணக்கில்தான் தருகின்றன. அதே 10 டாலருக்கு 12 மட்டுமே கிடைக்கும். 'மூன்று டாலர்தானே' என்று தோன்றும். எனக்கும் முதல் பயணத்தில் அப்படித்தான் தோன்றியது. ஒரு பெரிய விடுதியில் 10 டாலர் பலகையைப் பார்த்து உட்கார்ந்து, இரண்டு மணி நேரத்தில் நான்கைந்து பிளாக்ஜாக் வந்தும் சிப்கள் (பணத்துக்குப் பதிலாக வைத்து ஆடும் வில்லைகள்) கூடாததைக் கண்டு குழம்பிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் இருந்த முதியவர் ஒருவர் எதுவும் பேசாமல் விரிப்பில் அரைவட்டமாக அச்சிட்டிருந்த எழுத்துகளின் மேல் விரலை வைத்துக் காட்டினார். 'பிளாக்ஜாக் பேஸ் 6 டு 5' என்று அங்கே தெளிவாகவே எழுதியிருந்தது. நான்தான் படிக்கவில்லை.

இதைக் கணக்காகப் பார்த்தால் வித்தியாசம் புரியும். ஆறு கட்டுச் சீட்டுகளுடன், சரியான முறையில் ஆடும் ஒருவருக்கு எதிராக, 3:2 மேசையில் விடுதியின் ஆதாயம் வைக்கும் பந்தயத்தில் சுமார் 0.6 சதவீதம். 6:5 என்று ஆக்கிவிட்டால் அதனுடன் ஏறத்தாழ 1.4 சதவீதம் கூடி, மொத்தம் 2 சதவீதத்துக்கு வந்துவிடுகிறது. மணிக்கு 80 ஆட்டங்கள் என்று வைத்துக்கொண்டால், 15 டாலர் 3:2 மேசையில் சராசரியாக ஒரு மணி நேரத்துக்கு 7 டாலர் செலவாகிறது. 10 டாலர் 6:5 மேசையில் 16 டாலர் செலவாகிறது. பலகையில் மலிவாகத் தெரிந்த மேசை உண்மையில் இரண்டு மடங்குக்கு மேல் விலை உள்ளது. ஒன்றை மட்டும் இதில் மறைக்கக் கூடாது: சராசரி வேறு, ஒரு மாலையில் நடப்பது வேறு. 15 டாலர் மேசையில் ஒரு மணி நேரத்தில் 150 டாலர் மேலே போவதும் 150 டாலர் கீழே போவதும் மிகச் சாதாரணமாக நடக்கும். பந்தயம் பெரிதாக இருப்பதால் ஏற்ற இறக்கமும் பெரிதாக இருக்கும். அந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்க மனமோ பணமோ இல்லையென்றால், மேசையில் உட்காராமல் வேடிக்கை பார்ப்பதே நல்லது.

ஆகவே தளத்தில் நடக்கும்போது முதலில் விரிப்பைப் படியுங்கள். அதே விரிப்பில் இன்னொரு வரியும் இருக்கும்: டீலர் சாஃப்ட் 17-இல் நிறுத்த வேண்டுமா, எடுக்க வேண்டுமா என்பது. ஏஸை 11 என்று கொண்டு 17 வருவதைத்தான் சாஃப்ட் 17 என்கிறார்கள், உதாரணமாக ஏஸும் ஆறும். டீலர் நிறுத்துவது நமக்கு நல்லது. எடுப்பதால் நமக்கு 0.2 சதவீதம் அளவில் இழப்பு. இது சின்ன விஷயம். 3:2 கிடைத்துவிட்டால் இதற்காக இன்னொரு மேசை தேடி அலைய வேண்டியதில்லை. சீட்டுகளை இடைவிடாமல் கலைத்துக்கொண்டே இருக்கும் இயந்திரம் வைத்த மேசையில் கலைப்பதற்கான இடைவேளை இல்லாததால் மணிக்கு அதிக ஆட்டங்கள் ஓடும், அதனால் செலவும் கூடும். டீலர் 22 எடுத்தால் சமன் என்பது போன்ற சிறப்பு விதிகளுடன் வேறு பெயர்களில் நடக்கும் மேசைகள் தனி ஆட்டங்கள், அவற்றை விட்டுவிடுங்கள்.

மாநாட்டு வாரங்களில் ஸ்ட்ரிப்பில் இரவு நேரக் குறைந்தபட்சப் பந்தயம் ஏறிவிடும். அப்போது எனக்குக் கைகொடுத்தது டவுன்டவுன் எனப்படும் பழைய ஊர்ப்பகுதி, அதாவது ஃப்ரீமான்ட் தெருவும் அதைச் சுற்றியுள்ள விடுதிகளும். டியூஸ் என்ற இரண்டடுக்குப் பேருந்து ஸ்ட்ரிப்பிலிருந்து அங்கே இரவு பகலாகப் போய்வருகிறது. அங்கே 1941-இல் திறந்த எல் கோர்டெஸ் விடுதி, ஒற்றைக் கட்டுச் சீட்டில் 3:2 கொடுக்கும் மேசைகளுக்காக நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. விதிகளும் குறைந்தபட்சங்களும் மாறக்கூடியவை என்பதால் எந்த விடுதியானாலும் விரிப்பைப் படித்துவிட்டே உட்காருங்கள். விடுதிகளின் சூதாட்டத் தளங்களில் புகைபிடிக்கச் சட்டம் அனுமதிக்கிறது. நெவாடாவில் 2006-இல் வந்த உள்ளரங்கத் தூய காற்றுச் சட்டம் அந்தத் தளங்களுக்கு விலக்கு அளித்துவிட்டது. மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் இதை மனத்தில் கொண்டு மேசையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இனி உட்காரும் முறை. வயது 21 நிறைந்திருக்க வேண்டும், அதற்கான அடையாளமாகக் கடவுச்சீட்டைக் கேட்பார்கள். அறையில் வைத்துவிட்டு வராதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டம் முடியும்வரை காத்திருந்து, பிறகு பணத்தை விரிப்பின் மேல் வையுங்கள், டீலரின் கையில் கொடுக்காதீர்கள். நான் முதல் நாள் நூறு டாலர் நோட்டை, நம் ஊர்க் கடையில் நீட்டுவதுபோல மரியாதையாக வலது கையால் நீட்டியபோது, டீலராக இருந்த பெண்மணி தம் இரண்டு கைகளையும் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, கண்ணால் மேசையைக் காட்டினார். கூரையில் உள்ள கேமராவுக்குத் தெரியும்படி பணம் மேசையில் கிடக்க வேண்டும், அவர் அதை விரித்துக் காட்டிவிட்டுத்தான் சிப் தர வேண்டும் என்பது அவருடைய வேலையின் விதி. சிப்களில் சிவப்பு 5 டாலர், பச்சை 25, கறுப்பு 100. சிவப்பிலேயே தரும்படி கேட்டால் எவ்வளவு வைக்கிறோம் என்பது கண்ணுக்குத் தெளிவாக இருக்கும்.

சீட்டு கேட்பதையும் நிறுத்துவதையும் வாயால் சொன்னால் போதாது, கையால் காட்ட வேண்டும்; இதுவும் கேமராவுக்காகத்தான். இன்னொரு சீட்டு வேண்டுமென்றால் உங்கள் சீட்டுகளுக்கு முன்னால் விரிப்பை விரலால் தட்டுங்கள்; போதுமென்றால் உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்துப் பக்கவாட்டில் அசைத்துக் காட்டுங்கள். பந்தயத்தை இரட்டிப்பாக்க, அதே அளவு சிப்களைப் பழைய சிப்களுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு விரலைக் காட்டுங்கள். ஒரே மதிப்புள்ள இரண்டு சீட்டுகளைப் பிரித்து ஆட, அதேபோல வைத்து இரண்டு விரல்களைக் காட்டுங்கள். சீட்டுகள் திறந்த முகமாக வரும் மேசையில் அவற்றைத் தொடவே கூடாது. ஒற்றைக் கட்டு மேசைகளில் சீட்டைக் கையில் தருவார்கள், அங்கே ஒரு கையால் மட்டும் பிடிக்க வேண்டும். சீட்டு விழத் தொடங்கிய பிறகு வைத்த பந்தயத்தின் மேல் கை வைக்கக் கூடாது. இது நேர்மைக்கே சந்தேகம் உண்டாக்கும் தவறு. கைப்பேசியை மேசையில் வைக்காதீர்கள். அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தால் எழுந்து போய்ப் பேசிவிட்டு வரலாம், உங்கள் இடம் சிறிது நேரம் காத்திருக்கும்.

எப்போது எடுப்பது, எப்போது நிறுத்துவது என்பது யாருடைய உள்ளுணர்வுக்கும் விட்ட விஷயமல்ல. ரோஜர் பால்ட்வின், வில்பர்ட் கேன்டி, ஹெர்பர்ட் மைசெல், ஜேம்ஸ் மெக்டெர்மாட் என்ற நான்கு பேர், அமெரிக்க இராணுவத்தில் அபர்டீன் சோதனைத் தளத்தில் பணியாற்றிய காலத்தில், மேசைக் கணக்குப் பொறிகளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு நிலைக்கும் சிறந்த முடிவைக் கணக்கிட்டு, 1956-இல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கத்தின் ஆய்விதழில் வெளியிட்டார்கள். பிறகு கணினிகள் அதைச் செம்மைப்படுத்தின. இன்று அந்த அட்டவணை ஒரு சிறிய அட்டையாக அச்சாகி விடுதிகளின் பரிசுப்பொருள் கடைகளிலேயே கிடைக்கிறது. மேசையில் வைத்துப் பார்த்து ஆடுவதற்குப் பொதுவாகத் தடையில்லை. வெட்கப்படாமல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நான் இன்றும் வைத்துக்கொண்டுதான் ஆடுகிறேன்.

அட்டவணையின் உட்பொருள் இதுதான்: டீலரின் திறந்த சீட்டு 2 முதல் 6 வரை இருந்தால் அவர் தாண்டிப்போகும் வாய்ப்பு அதிகம், 6 இருந்தால் அது சுமார் 42 சதவீதம். 7 ஆகிவிட்டால் அது சட்டென்று 26 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. ஆகவே உங்களிடம் 13 முதல் 16 வரை இருந்து, டீலரிடம் 2 முதல் 6 வரை இருந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். 7 அல்லது அதற்கு மேல் இருந்தால் எடுங்கள். 12 இருந்தால் டீலரின் 4, 5, 6-க்கு மட்டும் நிறுத்துங்கள். ஏஸை 11 ஆகக் கொள்ளாத 17-உம் அதற்கு மேலும் எப்போதும் நிறுத்த வேண்டியவை. 11 வந்தால் இரட்டிப்பாக்குங்கள். 10 வந்தால் டீலரின் 2 முதல் 9 வரை இரட்டிப்பாக்குங்கள். 9 வந்தால் 3 முதல் 6 வரை. இரண்டு ஏஸ்களையும் இரண்டு எட்டுகளையும் எப்போதும் பிரித்து ஆடுங்கள். இரண்டு பத்துகளையும் இரண்டு ஐந்துகளையும் ஒருபோதும் பிரிக்காதீர்கள். ஏஸும் ஆறும் சேர்ந்த சாஃப்ட் 17-இல் நிறுத்துவது புதியவர்கள் செய்யும் பெரிய தவறு: அதில் இன்னொரு சீட்டு எடுத்தால் தாண்டிப்போக வழியே இல்லை, ஆகவே எடுங்கள், டீலரிடம் 3 முதல் 6 வரை இருந்தால் இரட்டிப்பே ஆக்குங்கள். மற்ற நுட்பங்களை அட்டை பார்த்துக்கொள்ளும்.

எல்லோரையும் சோதிப்பது 16-க்கு எதிராக டீலரின் பத்து. கையில் ஒன்பதும் ஏழும். எதிரே ஒரு ராஜா. எடுத்தால் தாண்டிவிடும் என்ற பயமும், எடுக்காவிட்டால் தோற்றுவிடும் என்ற பயமும் ஒரே நேரத்தில் வரும். உண்மையில் இரண்டு வழியிலும் ஏறத்தாழ நான்கில் மூன்று முறை தோல்விதான். எடுப்பது நூலிழை அளவு குறைவான இழப்பு, அவ்வளவே. பாதிப் பந்தயத்தை விட்டுக்கொடுத்து விலகும் சரண்டர் என்ற வசதி அந்த மேசையில் இருந்தால் அதுவே இரண்டையும்விட நல்லது. நீங்கள் எடுத்த சீட்டால் டீலருக்கு நல்ல சீட்டு போய்விட்டது என்று மேசையில் யாராவது முணுமுணுத்தால் அதைப் பொருட்படுத்தாதீர்கள். அடுத்தவரின் முடிவு உங்களுக்கு உதவும் அளவும் கெடுக்கும் அளவும் நீண்ட ஓட்டத்தில் ஒன்றுதான்.

டீலரிடம் ஏஸ் திறந்தால் 'இன்சூரன்ஸ்' என்று கேட்பார். பெயர் பாதுகாப்பு போலத் தோன்றினாலும் அது தனியான ஒரு பந்தயம்: மறைந்திருக்கும் சீட்டு பத்து மதிப்பா இல்லையா என்பது. ஆறு கட்டுகளில் 312 சீட்டுகள், அவற்றில் 96 பத்து மதிப்புள்ளவை. திறந்த ஏஸைக் கழித்தால் 311-இல் 96, அதாவது 31 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. ஆனால் அது தரும் பணம் 2:1 கணக்கில், அதாவது ஒன்றுக்கு இரண்டு என்பதால் மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு இருந்தால்தான் சமனாகும். விடுதிக்கு அதில் 7 சதவீதத்துக்கு மேல் ஆதாயம். உங்களிடமே பிளாக்ஜாக் இருக்கும்போது 'ஈவன் மணி' (வைத்த அளவே வெற்றிப் பணமாக உடனே வாங்கிக்கொண்டு முடிப்பதா) என்று கேட்பதும் இதே இன்சூரன்ஸ்தான். 3:2 மேசையில் அதையும் மறுத்துவிடுங்கள். ஜோடி விழுமா, மூன்று சீட்டு வரிசை அமையுமா என்பது போன்ற பக்கப் பந்தயங்களுக்கென வரைந்த சிறு வட்டங்களில் எதுவும் வைக்காதீர்கள். அவற்றின் ஆதாயம் முதன்மை ஆட்டத்தைவிடப் பல மடங்கு.

பணத்தைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பயணத்தில் இருப்பவருக்கு இதுவே பெரிய ஆபத்து. ஒரு மாலைக்குக் குறைந்தபட்சப் பந்தயத்தைப் போல 20 மடங்கு எடுத்துக்கொள்ளுங்கள்: 15 டாலர் மேசைக்கு 300. இரட்டிப்பாக்கவும் பிரிக்கவும் கையில் சிப் இல்லாமல் போனால் ஆட்டத்தின் நல்ல பகுதியையே இழப்பீர்கள். அந்த 300-ஐ ஒரு உறையில் போட்டு, ரொக்கமாக மட்டும் கொண்டுபோங்கள். அட்டைகளைப் பெட்டகத்தில் வைத்துவிடுங்கள். சூதாட்டத் தளத்தில் உள்ள பண இயந்திரங்களில் கட்டணம் அதிகம். கடன் அட்டையில் எடுத்தால் அது ரொக்க முன்பணமாகி, எடுத்த நாளிலிருந்தே வட்டி ஏறும். அலுவலகம் கொடுத்த பயண அட்டையையும் தினப்படியையும் இதற்குத் தொடவே கூடாது. திரும்பி வந்து கணக்கு எழுதும்போது சூதாட்ட விடுதியின் பெயருடன் ஒரு வரி இருப்பதை எந்த நிதித் துறையும் லேசாக எடுத்துக்கொள்ளாது. ரூபாயில் சம்பளம் வாங்குகிறவர் 300 டாலரை அன்றைய விலையில் மாற்றிப் பார்த்து, அது முழுவதும் போனால் வீட்டில் எந்தச் செலவும் தடைப்படாது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே உறையில் போட வேண்டும். உறை காலியானால் அந்த மாலை முடிந்தது. மறுநாள் பங்கிலிருந்து எடுப்பது, போனதை மீட்கப் பந்தயத்தை இரட்டிப்பாக்கிக்கொண்டே போவது ஆகிய இரண்டும் சிறு தொகை ஆட்டத்தைப் பெருந்தொகை ஆட்டமாக மாற்றும் வழிகள். முன்பு எப்போதாவது சீட்டாட்டத்திலோ இணைய ரம்மியிலோ கை நிற்காமல் போனவர்கள் உட்காரவே வேண்டாம் என்று உளமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

நேரத்துக்கும் அதேபோல ஓர் எல்லை வேண்டும். குளிர்காலத்தில் லாஸ் வேகசுக்கும் சென்னைக்கும் பதின்மூன்றரை மணி நேர வித்தியாசம். அங்கே இரவு இரண்டு மணி ஆகும்போது உங்கள் உடம்புக்குப் பிற்பகல் மூன்றரை. தூக்கம் வராது, தளத்தில் கடிகாரமும் கண்ணில் படாது. நான் கைப்பேசியில் பதினொன்றுக்கு அதிர்வு வைத்துக்கொண்டு, அது அதிர்ந்ததும் எழுந்துவிடுவேன். ஆடுகிறவர்களுக்கு மது இலவசமாக வரும். குடிக்கத்தான் வேண்டும் என்பதில்லை, காபியும் தண்ணீரும் கேட்டாலும் தருவார்கள், கொண்டுவருகிறவருக்கு ஒன்றோ இரண்டோ டாலர் கொடுப்பது வழக்கம். டீலருக்கும் அவ்வப்போது ஒரு சிப்பை உங்கள் பந்தயத்துக்கு முன்னால் அவர் பெயரில் வைக்கலாம். அவர்களுடைய வருமானத்தில் இது பெரும்பங்கு. அன்றைய செலவுக் கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உடன் வந்தவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. குழுவில் மூத்தவராக நீங்கள் இருந்தால், இளையவர்களை 'வாங்க, சும்மா ஒரு கை போடலாம்' என்று அழைக்காதீர்கள். உங்கள் அழைப்பை மறுக்க அவர்களுக்குத் தயக்கமாக இருக்கும், அவர்களுக்கு ஊரில் என்ன கடன் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. விற்பனை நிறுவனத்தார் சிப் வாங்கித் தர முன்வந்தால் மறுத்துவிடுங்கள். அது அன்பளிப்புதான், உங்கள் நிறுவனத்தின் நடத்தை விதிகள் அதைப் பற்றிச் சொல்வதற்குக் கட்டுப்பட்டது.

வென்றால் வரி உண்டா என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் வசிப்பவர் என்ற நிலை இல்லாத வெளிநாட்டவருக்குப் பிளாக்ஜாக் வெற்றிப் பணத்தின் மீது அமெரிக்க வருமான வரி கிடையாது. அங்கேயே வேலை பார்த்து, வரி நோக்கில் வசிப்பவராகக் கருதப்படுகிறவருக்கு இந்த விலக்கு இல்லை. இந்தியாவில் வசிப்பவர் உலகில் எங்கே ஈட்டினாலும் இங்கே கணக்குக் காட்ட வேண்டும். சூதாட்ட வெற்றிக்கு 30 சதவீத வரி, தோற்றதைக் கழித்துக்கொள்ள முடியாது.

எழும்போது, சிவப்புச் சிப்களை எல்லாம் ஆட்டங்களுக்கு இடையில் டீலர் முன்னால் தள்ளி, 'கலர் அப்' என்று சொல்லுங்கள். அவர் எண்ணிப் பச்சையாகவும் கறுப்பாகவும் மாற்றித் தருவார். அவற்றை எடுத்துக்கொண்டு நேராகக் காசாளர் கூண்டுக்குப் போய் ரொக்கமாக்கி, அதே உறையில் போட்டுவிட்டு அறைக்குப் போங்கள். நாளை மாற்றிக்கொள்ளலாம் என்று சட்டைப் பையில் வைக்காதீர்கள். ஒரு விடுதியின் சிப்பை அடுத்த விடுதியில் வாங்குவார்கள் என்று நம்ப முடியாது, விமான நிலையத்தில் மாற்றவும் வழியில்லை. மாநாட்டின் கடைசி நாள் மாலை விமானத்தைப் பிடிக்க ஓடும் அவசரத்தில், என் மேல்கோட்டின் உள்பையில் தங்கிவிட்ட இரண்டு பச்சைச் சிப்கள் இன்றும் சென்னையில் என் மேசை அலமாரியில் கிடக்கின்றன, ஐம்பது டாலர்.